மரக்காணம் கடற்கரையில் கரட்டுப்பாதைச் சைக்கிளோட்டம்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தைச் சுற்றியுள்ள உப்பள ஓரங்கள், பக்கிங்காம் கால்வாய்க் கரைகள், சவுக்குத் தோப்புகள், தென்மேற்கே வானூர் வட்டத்துச் செம்மண் மேடுகள் ஆகியவற்றின் வழியே, தார்ச்சாலையை விட்டு இறங்கி அகல டயர் சைக்கிளில் செல்வது இங்கே கரட்டுப்பாதைச் சைக்கிளோட்டம் எனப்படுகிறது. உலகெங்கும் மவுண்டன் பைக் என்று பெயர்பெற்ற வண்டிதான் இதற்கும் பயன்படுகிறது. ஆனால் மரக்காணத்தில் மலை இல்லை. மலைச் சைக்கிள் விளையாட்டுக்குப் பேர்போன இடங்கள் சிலவற்றில் காணும் எரிமலைப் பாறையும் இல்லை. மணல், களி, உப்பு, சரளை என்று நான்கு வகைத் தரை சில கிலோமீட்டருக்குள் மாறி மாறி வருவதே இந்தக் கரையின் கடினம். ஏற்றம் இல்லாததால் சுலபம் என்று எண்ணி வருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம்.

வண்டியின் வரலாறு

இந்த வகைச் சைக்கிள் கலிபோர்னியாவில் பிறந்தது. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் வட்டாரத்தில், டமல்பாயிஸ் மலையை அடுத்த காட்டுப்பாதைகளில், 1930களிலும் 40களிலும் செய்த பழைய கனத்த சைக்கிள்களை இளைஞர்கள் மேலே ஏற்றிச் சென்று கீழ்நோக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் தொடங்கிய ‘ரீபேக்’ பந்தயத்தில் சுமார் மூன்றரை கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்க வேண்டியிருந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் அந்தக் கால பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோர் அந்த வட்டத்தினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற பெயரில் இவ்வகைச் சைக்கிளைப் பேரளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1990இல் முதல் உலகச் சாம்பியன் போட்டி கொலராடோவின் துராங்கோவில் நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது.

இந்தியாவில் 2005இல் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா பந்தயம் இவ்விளையாட்டைப் பரவலாக அறியச் செய்தது. தமிழகத்துக்குள் 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ தார்ச்சாலைப் பயணமே. ஆனால் கியர் சைக்கிளைப் பெரியவர்களின் வாகனமாக நகர மக்கள் ஏற்றுக்கொண்டதில் அதற்குப் பங்கு உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பே, 1949இல் நிறுவப்பட்டு அம்பத்தூரில் இயங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் இந்தக் கடற்கரையின் எல்லா ஒற்றையடிப் பாதைகளையும் பார்த்துவிட்டன. மண்பாதையில் சைக்கிள் ஓட்டுவது தமிழ்நாட்டுக் கிராமத்தில் விளையாட்டு அல்ல, பிழைப்பு. அதை விடுமுறை நாள் பொழுதுபோக்காகத் திரும்பக் கண்டுபிடித்தது நகரம்தான்.

நிலம்

மரக்காணம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பேரூராட்சி. சோழர் காலப் பூமீஸ்வரர் கோயில் இங்கு உள்ளது. சங்க இலக்கியம் பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து 420 கிலோமீட்டர் கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக இக்கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது. படகுகள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் கரைமேடு மிஞ்சியிருக்கிறது. இறுகிய மண், ஒரு பக்கம் நீர், மறுபக்கம் உப்பளம் அல்லது பனைவரிசை என்று செல்லும் அந்தக் கரைமேடுதான் இவ்வட்டாரத்தில் சைக்கிளுக்கு மிகவும் இணக்கமான பாதை. வேலிக்காத்தான் மூடாத இடங்களில் மட்டும்.

அந்த முட்செடியை ஊர்ப்புறத்தில் வேலிக்காத்தான் என்பார்கள், தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டிய பிறகு பாதையில் கிடக்கும் காய்ந்த முள், சாதாரண டியூபை மட்டுமல்ல, செருப்பின் அடியையும் துளைக்கும். சைக்கிள் அனுபவம் உள்ளவர்கள் டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றிக்கொண்டு வருவது இதனால்தான். அது இல்லாதவர் ஒட்டுப்போடும் சாமானும் கைப்பம்பும் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சர் கடை சாலையோரத்தில்தான் இருக்கும்.

கரையோர மணல்மேடுகளில் சவுக்கு பயிராகிறது. உதிர்ந்த சவுக்கு மிலாறு மணலின் மேல் மெத்தைபோல் படிந்து, டயர் புதையாமல் தாங்குகிறது, நிழலும் கிடைக்கிறது. இந்த வட்டாரத்தில் காட்டுப்பாதை என்று சொல்லத்தக்கதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தோப்புக்குள் செல்வதே. ஆனால் இது பயிர். சில ஆண்டுகளில் காகித ஆலைக்கோ, சாரக்கட்டைக்கோ, விறகுக்கோ வெட்டப்பட்டுவிடும். சென்ற ஆண்டு குகைபோல் இருந்த பாதை இந்த ஆண்டு அடிக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டவெளியாகிவிடும். மாலை வெளிச்சத்தில் அந்த அடிக்கட்டைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடலோர ஈரமணலில் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓதம் வற்றும் நேரத்தில் இறுகிய ஈரப்பட்டை ஒன்று தெரிவது உண்மை. ஆனால் தமிழகக் கடற்கரையில் ஏற்ற வற்றத்துக்கு இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவதால் அந்தப் பட்டை குறுகியது, சரிவானது. சாதாரண மலைச் சைக்கிளின் 2 முதல் 2.5 அங்குல டயர் அதை விட்டு இம்மி விலகினாலும் புதையும். நான்கு அங்குல அகல டயர் போட்டு, காற்றை ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு இறக்கிய ‘ஃபேட் பைக்’ வண்டிகளே மணலில் மிதந்து போகின்றன.

உப்பளங்கள்

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் உள்ளன. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துத் தமிழகத்தின் முக்கிய உப்பு விளையும் இடங்களில் இதுவும் ஒன்று. மழைக்காலம் முடிந்து தை மாத வாக்கில் பாத்திகளைச் செப்பனிடுகிறார்கள். சேற்றை வாரி வரப்பு அணைத்து, பாத்தியின் தளத்தைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். உப்பங்கழி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பாத்தி பாத்தியாகக் கடந்து, வெயிலில் சுண்டிக் கடைசியில் உப்பாகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை உப்பு வாருவார்கள். மழை மாதங்களில் வேலை இல்லை. அந்தக் காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்தது.

சைக்கிள்காரர் அறிய வேண்டியது இதில் என்ன? உப்பளத்தில் இரண்டு வகை வரப்புகள் உண்டு. லாரியும் டிராக்டரும் வந்து உப்பு ஏற்றும் அகலமான வண்டிப்பாதை ஒன்று. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் கையால் அணைத்த வரப்பு இன்னொன்று. இணையத்தில் அழகான படங்கள் இரண்டாவது வகையில் எடுக்கப்படுகின்றன. அதன் மேல் சைக்கிள் போகக் கூடாது என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. ஒரு டயர்த்தடம் பதிந்த இடத்தில் வரப்பு வெடிக்கும்; வெடித்த இடத்தில் பல நாள் சுண்டிய நீர் கசிந்து அடுத்த பாத்திக்குப் போய்விடும். அது யாரோ ஒருவரின் ஒரு வாரக் கூலி. வண்டிப்பாதையிலும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவதே முறை. காலையில் உப்பு வாரும் வேளையில் தலைச்சுமையோடு எதிரே வருபவருக்கு இறங்கி வழிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டத்தின் நுட்பம் என்று பார்த்தால் உப்பளத் தரை மூன்று நிலைகளில் இருக்கும். முழுக்கக் காய்ந்தால் சிமென்ட் தரை போன்ற இறுக்கம், வேகமாகப் போகலாம். மேலே பொருக்கும் அடியில் ஈரமுமாக இருந்தால் பொருக்கு உடைந்து சக்கரம் திடீரென உட்காரும். முன்சக்கரம் நின்று ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். முழு ஈரமானால் களி டயரின் பள்ளங்களை நிரப்பி, பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமலே போகும். இரண்டாவது நிலைதான் ஆபத்து, ஏனென்றால் பார்வைக்கு அது முதல் நிலையைப் போலவே இருக்கும். நிறம் சற்றுக் கருத்திருக்கும் இடங்களைத் தவிர்ப்பதும், உடலின் எடையைப் பின்னுக்குத் தள்ளி அமர்வதும் உதவும். விழுந்தால் உப்புப் படிகம் தோலைக் கிழிக்கும். அந்தக் காயத்தின் எரிச்சலை உப்பளத்தில் வெறுங்காலோடு வேலை செய்பவர்கள் அன்றாடம் அறிவார்கள். வெண்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும் என்பதும் அவர்கள் அனுபவித்து வரும் துன்பமே. கறுப்புக் கண்ணாடி இங்கே அலங்காரம் அல்ல.

வண்டிக்கு உப்பு செய்யும் கேடு தனிக்கதை. செயின், கேபிள், ஆரக்கம்பியின் நிப்பிள், திருகாணி என இரும்பாக உள்ள எதுவும் ஓரிரு நாளில் துரு பிடிக்கத் தொடங்கும். அலுமினியமும் தப்பாது, இரும்புத் திருகு அலுமினிய ஃபிரேமில் பதிந்திருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, திருகைக் கழற்றவே முடியாதபடி கெட்டியாகிவிடும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். லட்ச ரூபாய் வண்டியை மழைக்குப் பிந்தைய உப்பளப் பக்கம் கொண்டுவருவது பணத்தைக் கரைப்பதுதான். கியர் இல்லாத பழைய வண்டியில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. இந்தச் சமநிலத்துக்கு அதுவே போதும்.

செம்மண் மேடும் கல்மரங்களும்

மரக்காணத்திலிருந்து தென்மேற்கே போனால் நிலம் மெல்ல உயர்ந்து, ஆரோவில் மேட்டில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 50 மீட்டரைத் தொடுகிறது. கடலூர் மணற்கல் எனப்படும் படிவின் மேல் செம்புறைக்கல் போர்த்திய மேடு இது. 1968இல் ஆரோவில் நகரியம் தொடங்கப்பட்டபோது பெரும்பகுதி மரமற்ற பொட்டலாக, மழைநீர் அரித்த ஓடைகளாகக் கிடந்தது. மண்வரப்பு போட்டு நீரைத் தேக்கி, இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களான காயா, வீரை, பாலை, கருங்காலி முதலியவற்றை வளர்த்ததில் இன்று நிழல் மூடிய பாதைகள் உண்டாகியுள்ளன. பொம்மையார்பாளையம் பக்கத்தில் இன்னும் ஆறாத அரிப்புப் பள்ளங்கள் செங்குத்தான செம்மண் சுவர்களோடு நிற்கின்றன.

மலைச் சைக்கிள் என்ற சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் மிக அருகே வரும் தரை இதுதான். வேர், கல், திடீர் இறக்கம், குறுகிய வளைவு எல்லாம் உண்டு. சக்கரத்தை ஏமாற்றுவது செம்புறைக்கல் சரளை. கேழ்வரகு கொட்டிய தரையில் கால் வைத்ததுபோல் உருண்டையான சிறு கற்கள் டயருக்கு அடியில் உருளும்; வளைவில் பிரேக் பிடித்தால் வண்டி நேராகவே போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போவதே வழி. டயர் அழுத்தத்தை 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் பிடிமானம் கூடும். அதற்கும் கீழே போனால் கூரான கல்லில் ரிம் அடிபடும்.

அரிப்புப் பள்ளங்களின் சுவர்களில் ஏறி இறங்கும் ஆசை இளைஞர்களுக்கு வரும். பின்சக்கரம் பூட்டி இழுபட்ட ஒரு தடம், அடுத்த மழைக்கு ஒரு சிறு வாய்க்கால். அரை நூற்றாண்டாக மண் அரிப்பைத் தடுக்க உழைத்த மேட்டில் அந்த வாய்க்காலை நாமே தொடங்கி வைப்பது நியாயம் இல்லை. அணைத்த மண்வரப்புகளைக் குதிமேடையாகப் பயன்படுத்துவதும் அதே வகை. ஆரோவில் காடுகள் பலவற்றில் வெளியாருக்கு வழி இல்லை. இருக்கும் சைக்கிள் பாதைகளில் போவதே முறை.

மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை உள்ளது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் இங்கே 247 ஏக்கர் பரப்பிலான பூங்காவில் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் பராமரிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பற்றி எழுதினார். வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து கல்லான மரங்கள் இவை என்பது அறிஞர் கருத்து. வேரோ கிளையோ ஒட்டியிராத அடிமரங்களாகவே கிடப்பது அதற்குச் சான்று. வேலியிட்ட பூங்காவுக்குள் சைக்கிளுக்கு வேலை இல்லை. வெளியே நிறுத்திவிட்டு நடந்து பார்க்க வேண்டும். துண்டு எடுத்துவரக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் கருங்கல் குவாரிகள் பல. டிப்பர் லாரிகள் ஓடும் புழுதிச் சாலையும், வேலியற்ற கைவிடப்பட்ட பள்ளங்களும் செம்மண் மேட்டைவிட ஆபத்தானவை.

இன்னும் மேற்கே செஞ்சியின் பாறைக் குன்றுகள் தொலைவிலேயே தெரியும். அவை கருங்கல் வகை. உருண்டு குவிந்த பாறைகளைப் பார்த்து எரிமலை கக்கியது என்று சொல்லும் பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம். 2025இல் செஞ்சிக் கோட்டை மராட்டியர் இராணுவ நிலத்தோற்றங்களில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது.

எரிமலைத் தரை: ரியூனியன் ஒப்பீடு

உண்மையான எரிமலைக் காட்டில் சைக்கிள் ஓட்டும் தமிழ் வம்சாவளியினர் இந்துமாக்கடலின் மறுகரையில் இருக்கிறார்கள். பிரான்சின் ஆட்சியிலுள்ள ரியூனியன் தீவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்ட வேலைக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் ஏற்றிச் செல்லப்பட்டனர். பிரிட்டிஷ் இந்திய அரசு 1882இல் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அங்கே மலபார் என்று அழைக்கப்படும் அவர்களின் சந்ததியினர் இன்றும் தீமிதியும் காவடியும் எடுக்கின்றனர்.

தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதோன் தே நேஜ் 3,070 மீட்டர், அணைந்த எரிமலை. 2,632 மீட்டர் உயரமுள்ள பிதோன் த லா ஃபுர்னேஸ் இன்றும் அடிக்கடி கக்கும் எரிமலை. மேற்கே மாயிதோ என்ற 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட முகட்டிலிருந்து சேன் போல் கடற்கரை நோக்கி இறங்கும் ‘மெகாவலான்ஷ்’ பந்தயம் மலைச் சைக்கிள் உலகில் பேர்பெற்றது. பிரெஞ்சு ஆல்ப்ஸில் 1995இல் தொடங்கிய அதே பெயர்ப் பந்தயத்தின் உறவு இது. எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். மேலே புதர்வெளி, பிறகு தமரின் மரக்காடு, ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமீரியாக் காடு, கீழே காய்ந்த புல்வெளி, கரும்பு என்று ஒரே ஓட்டத்தில் பருவநிலைகள் மாறும்.

அந்தத் தரையின் குணமும் நம் கடற்கரையின் குணமும் நேர்மாறானவை. ஆறி இறுகிய பசால்ட் கூரானது. டயரின் பக்கச்சுவரைக் கத்தியாய் அறுக்கும், ஆனால் காய்ந்திருந்தால் பிடிமானம் மிக நன்று. மூடுபனிக் காட்டில் பாசியும் வேரும் ஈரமானால் அதே பாறை வழுக்குப்பாறை. அங்கே தேவை முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், தடித்த டயர், முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட். மரக்காணத்தில் சஸ்பென்ஷன் ஏறத்தாழ வீண்; டயரின் அகலமும் சுத்தம் செய்யும் பொறுமையும் போதும். இந்தியாவுக்குள்ளேயே எரிமலைத் தரை வேண்டுவோருக்கு மகாராஷ்டிரத்தின் சகியாத்ரி இருக்கிறது, சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய தக்காணப் பாறைமேல் அப்பாதைகள் செல்கின்றன.

பருவமும் வெயிலும்

தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும். பிற்பகலில் எழும் கடற்காற்று கால்வாய்க் கரையில் பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளைத் தள்ளும். திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் தர்பூசணி விளையும் பருவமும் இதுவே. சாலையோரக் குவியலில் வாங்கித் தின்பதைவிட நல்ல மருந்து நீர்ச்சத்துக் குறைவுக்கு இல்லை. கோடையில் நுங்கும் கிடைக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் நிழலற்ற உப்பளப் பக்கம் ஓட்டுவது வெயில் மயக்கத்தை வரவழைத்துக்கொள்வதாகும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பாதை என்று எதையும் நம்ப முடியாது. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது; மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. பழைய வரைபடத்தையோ கைப்பேசித் தடத்தையோ பின்பற்றி வருபவர்கள், கரை உடைந்த இடங்களை உள்ளூரில் கேட்டறிந்தே செல்ல வேண்டும்.

ஊருக்கு வந்து சேரும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் மறந்துவிடக் கூடாது. சென்னை–புதுச்சேரி நெடுந்தூர ஓட்டக்காரர்களின் விருப்பச் சாலை அது; நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டு வருகிறது. வரப்பிலும் பள்ளத்திலும் விழுந்தால் சிராய்ப்பு. அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது கவனம் தவறினால் கதையே வேறு.

கழுவெளி

மரக்காணத்துக்குத் தென்மேற்கே பரந்திருக்கும் கழுவெளி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் ஒன்று. இதன் நீர் இடையந்திட்டுக் கழிமுகம் வழியே கடலை அடைகிறது. மழை முடிந்ததும் பூநாரை, கூழைக்கடா, கருவால் மூக்கன் எனப் பறவைகள் இறங்கும். 2021 டிசம்பரில் வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வற்றிய கழுவெளியின் விளிம்பு சைக்கிளுக்குக் கம்பளம் விரித்தாற்போல் சமமாகத் தெரியும்; அதன் மேல் ஓட்டிச் சென்று பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படம் எடுப்பவர்களும் உண்டு. இரை தேடும் நேரத்தில் திரும்பத் திரும்பக் கிளப்பப்படும் வலசைப் பறவை, திரும்பிப் பறக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பை இழக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் எல்லைக்குள் சைக்கிளை இறக்காதீர்கள். வெளியே செல்லும் ஊர்ப்பாதைகளிலிருந்தே பறவைகளைப் பார்க்க முடியும்.